பிசாசின் கணக்குப்பிள்ளை

பக்கத்துக்கு மூன்று காசு.
மை என்னுடையது, இறகு என்னுடையது,
மெழுகுவர்த்தி மட்டும் கோவில் செலவு.
லொரேன் நாட்டில், வெர்நுவா ஊரில்,
ஆயிரத்து அறுநூற்று இருபத்தொன்றின் தவக்காலத்தில்
பதினொரு நாள்
ஒரு பிசாசு பேசப் பேச எழுதினேன்.

அது குடியேறிய வீட்டுக்குப் பெயர் மென்ஜெத்.
பதினேழு வயது. தோல் பதனிடும் துப்பாங் வீட்டு வேலைக்காரி.
கையில் ஓக் பட்டையின் சிவப்பு,
எவ்வளவு தேய்த்தாலும் போகாதது.
கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் சாப்பாட்டை நிறுத்தினாள்.
மூன்று ராஜாக்கள் திருநாளன்று
பூசை நடுவே குரைத்தாள்.

கூட்டம் நான்சியிலிருந்துகூட வண்டி கட்டி வந்தது.
பீடத்துக்குக் கிட்டே உட்கார
ரொட்டிக்காரி ஓப்ரி ஆறு காசு வாங்கினாள்.
தூணில் ஏறிய பையன் விழுந்து பல் உடைந்தது.
அதையும் பிசாசின் கணக்கில் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.

வியார்தோ சாமியார் லத்தீனில் கேட்டார்: உன் பெயர் என்ன?
அது லத்தீனில் சொன்னது.
வேற்றுமை உருபு தப்பு.
அதே தப்பை ஞாயிறுதோறும்
சாமியார் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன்.
திருத்தி எழுதினேன்.
பிசாசுக்கும் ஒரு மரியாதை உண்டல்லவா.

மருத்துவர் பூசெல் சந்தேகக்காரர்.
வெள்ளிக் குப்பியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார்.
தெளித்ததும்
எரிகிறது எரிகிறது என்று வில்லாய் வளைந்தாள்.
மந்திரித்த தீர்த்தத்தை மண்குவளையில் நீட்டினார்.
மடக்மடக்கென்று குடித்துவிட்டு
இன்னும் கொஞ்சம் கேட்டாள்.
காலையிலிருந்து யாரும் அவளுக்குத்
தண்ணீர் கொடுக்கவில்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
பூசெல் அன்றிரவே ஊரைவிட்டுப் போனார்.
போகவைத்தார்கள்.

ஒன்பதாம் நாள்.
"எந்த வாசல் வழியாக இவளுக்குள் நுழைந்தாய், சொல்!"
லத்தீன் வரவில்லை.
எங்கள் ஊர்க் கொச்சையில், உறுமாமல்,
சந்தைக்கு வழி சொல்வதுபோல்:
"பரண் வாசல். சாவி முதலாளியிடம்.
புனித மார்த்தீன் திருநாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும்.
அவர் பெண்டாட்டி வெளியே போன பிறகு."

ஒரு இருமல்கூட இல்லை.
முன் பெஞ்சில் துப்பாங் தன் தொப்பியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
யாரோ அதை விலைக்குக் கேட்டதுபோல.
சாமியார் என் பக்கம் திரும்பினார்:
"பிசாசு பொய்க்குத் தகப்பன். அதை எழுதாதே."

அதுவரை எட்டு நாள்
நரகத்துக்கு எத்தனை படிகள்,
எந்தப் பதிதன் எந்தக் கொப்பரையில் வேகிறான்,
ஒன்றுவிடாமல் எழுதியவன் நான்.
இறகைத் தூக்கினேன்.
தூக்கிய இடத்தில், நாற்பத்தொன்றாம் பக்கத்தில்,
பட்டாணியளவு ஒரு மைச்சொட்டு.

பதினொன்றாம் நாள் பிசாசு வெளியேறியது.
போகும்போது அடையாளமாக
மேற்குச் சன்னலில் ஒரு கண்ணாடியை உடைக்கச் சொல்லியிருந்தார் சாமியார்.
உடைந்தது.
சில்லெல்லாம் உள்பக்கம் கிடந்தன.
நடுவே ஒரு கூழாங்கல், ஆற்று ஈரம் காயாமல்.
அதன்மேல் கால் வைத்து நின்றுகொண்டேன்,
ஏனென்று இன்றுவரை தெரியாது.
மணியடித்தார்கள். மென்ஜெத் தரையிலேயே தூங்கிப்போனாள்.
விழித்ததும் எங்கே அனுப்பினார்கள்?
வேறெங்கே. முதலாளி வீட்டுக்குத்தான்.

திராட்சை அறுப்பின்போது உப்புக்கடையில் பார்த்தேன்.
தோலுக்கு உப்பு வாங்க வந்திருந்தாள்.
"பக்கத்துக்கு எவ்வளவு?" என்றாள்.
உப்பைப் பற்றிக் கேட்கவில்லை என்று புரியக்
கொஞ்ச நேரம் பிடித்தது.
சொன்னேன்.
சிவந்த விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள்,
பாதியில் விட்டாள்.
"சொட்டு விழுந்த பக்கத்துக்கும்
முழுக் காசா?"

முழுக் காசுதான்.