ஏனையவை

காலை ஆறு நாற்பத்திரண்டு, ஜெனீவாவில் ஏறுகிறேன்.
நீலக் கையுறை, கறுப்புப் பை,
நெஞ்சில் 'குகநே' வரைக்கும் அடங்கிய என் பெயர்.

லொசான் தாண்டியும் பைக்குள் விழுவது பிரெஞ்சுதான்:
பாதியில் விட்ட குறுக்கெழுத்து, மடித்த ரசீது,
குருவாசான் துகளோடு ஒரு மாத்திரை விளக்கத்தாள்.

ஃபிரிபூர் விட்டதும் உயரமான பாலம்.
ஒலிபெருக்கி தன் வரிசையை மாற்றிக்கொள்ளும்.
முன்னால் நின்ற மொழி பின்னுக்குப் போகும்,
ஒருவரும் கைபேசியிலிருந்து நிமிர்வதில்லை.
கீழே ஆறு. இக்கரையில் சாரின், அக்கரையில் ஸானே.
எந்தப் பெயருக்கும் அது திரும்பிப் பார்த்ததில்லை.

நேற்றுப் பேர்ணில், ஜன்னலோர இருக்கையில்
பள்ளிப் பிள்ளை யாரோ விட்டுப்போன வரைபடம்.
மேற்கே மஞ்சள். நடுவும் வடக்கும் செம்மண்.
தெற்கே பச்சை வழிந்து ஏரியில் தோய்ந்திருந்தது.
கிழக்கு மலைகளில் ஊதா,
சிந்திய மையைத் துடைத்தபின் மிஞ்சியதுபோல்
நாலைந்து திட்டு. ரோமாஞ்சு என்று எழுதியிருந்தது.
ஓரத்தில் சாம்பல் பெட்டி: ஏனையவை.
படத்துக்குள் சாம்பலைத் தேடினேன்.
சூரிச்சிலும் இல்லை.

சூரிச்சில்தான் ஃப்ளோரினா ஏறுவாள், அல்பேனியக்காரி,
கூடவே எரித்திரியா மெப்ராத்து.
எங்கள் மூவருக்கும் ஒரு ஜெர்மன் உண்டு,
எந்தப் பள்ளியிலும் கற்பிக்காதது.
சில வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வருமாம்,
அவர்கள் இருவரும் திணறுவார்கள்.
எனக்கு அதில் மட்டும் தடக்கமில்லை,
பிறந்த நாள் முதல்
வினைக்காகக் காத்திருந்துதானே பழக்கம்.

கூரில் என் பாதை முடிகிறது.
அங்கிருந்து சின்னச் சிவப்பு ரயில் மலை ஏறும்.
பதினெட்டு வருடமாகிறது, அந்த ஊதாவை
இன்னும் நான் பார்க்கவில்லை.

காகிதம் காகிதத் தொட்டிக்குள். அதுதான் விதி.
வரைபடம் மட்டும் என் சட்டைப்பைக்குள்.

ஞாயிறு, முர்த்தன் ஏரிக்கரை.
மஞ்சளும் செம்மண்ணும் முட்டுகிற கோடு
இங்கேதான் எங்கேயோ ஓடுகிறது.
லொசானிலிருந்து அக்கா தவமலர், சோற்றுப் பெட்டியோடு.
அக்காவின் யதுகுலன் சீட்டை பிரெஞ்சில் எண்ணுகிறான்,
என் நிலானி பேர்ண் ஜெர்மனில்.
ஏழு யாருடைய ஏழு என்று தெரியாமலே
ஆட்டம் அரைமணி நேரம் நன்றாகத்தான் போனது.

பிறகு ஒரு சீட்டு காணாமல் போனது.

"நீ அளாப்பி!"
"நீதான் அளாப்பி! காலுக்குக் கீழ ஒளிச்சு வைச்சனீ!"

பக்கத்து விரிப்பில் கண்மூடிக் கிடந்தவர்
எழுந்து உட்கார்ந்தார்.
ஆர் என்ன மொழி என்று பிடிபடாமல்
இரண்டிலும் அதட்டினார்.