நாற்பத்தொரு கிலோபைட்

டாய் செங், ஆறாவது மாடி. கடைசி ரயில் போய்விட்டது.
கோப்பி ஆறிக்கொண்டிருக்கிறது,
கோப்பு வந்திருக்கிறது.
ஜூரோங்கில் ஒரு சரக்குக் கம்பெனி,
இரவுப் பணி மேசைக் கணினியில் கண்டெடுத்ததாம்.
வின்ஹெல்ப்பர்2 டாட் எக்ஸி.
உதவி என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறவர்களை
நான் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பேன்.

கையொப்பம் இல்லை. வெளியிட்டவர் யாரோ.
எழுபது ஸ்கேனர்களில் ஒன்பது கெட்டது என்றன,
ஒன்பதும் ஒன்பது பெயர் சொல்லின.
மீதி அறுபத்தொன்று வாயே திறக்கவில்லை.
மௌனம் நற்சான்று ஆகாதென்று
சேர்ந்த மாதமே சூடுபட்டுக் கற்றவள் நான்.

இறுக்கிக் கட்டிய பொட்டலம். பிரித்தால்
உள்ளே இன்னொரு பொட்டலம்.
கணினி விழிக்கும்போதே தானும் விழிக்க
ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தது.
எல்லாம் ஒளிகிறவன் பழக்கம்.
"தூக்கிப் போடேன்," என்றான் ஸுல்ஃபிகார்
கொட்டாவிக்கு நடுவில்.

இணையம் அறுத்த பொய்க் கணினியில்
ஓடவிட்டுப் பார்த்தேன்.
யாரையும் அழைக்கவில்லை. எதையும் பூட்டவில்லை.
நான்கு நிமிடம் சும்மா கிடந்தது.
பிறகு மவுஸ் சுட்டியை
ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தியது,
ஒரு புள்ளி இடப்பக்கம்.
மறுபடி நான்கு நிமிடம்.

சிரித்துவிட்டேன்.
என் பொய்க் கணினியும் அதையேதான் செய்கிறது.
ஆள் இருக்கிறாரா என்று வேவு பார்க்கும் கிருமிகளை ஏய்க்க
இல்லாத கை ஒன்று அங்கே
சுட்டியை ஆட்டிக்கொண்டே இருக்கும்.
ஒரே திரையில் இரண்டு இல்லாத கைகள்,
ஒன்றுக்கொன்று வழிவிட்டு.

குடலைக் குடைந்ததில் ஓர் ஓரம் மிஞ்சியது:
பயனர் குணாளன்,
அடைவின் பெயர், ஆங்கில எழுத்தில், 'கண்ணசர'.
மூன்றாம் பதிப்பு.
ஐந்தாம் நிமிடம் அங்கே திரை பூட்டும் போலும்,
எங்கோ ஒரு மேலாளரிடம்
சிவப்பாய் ஒரு புள்ளி எரியும் போலும்.
முதல் இரண்டு பதிப்பில் எங்கே மாட்டினாரோ.

படிவத்தில் இரண்டே கட்டம்:
பாதுகாப்பானது, தீங்கானது.
யாருக்கு என்று கேட்க ஒன்றுமில்லை.

'என்ன செய்கிறது' என்ற இடத்தில்
பொய் எழுத முடியாது. எழுதினேன்:
சுட்டியை நகர்த்துகிறது.
'எழுதியவர், தெரிந்தால்' என்ற இடத்தில்
கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.
நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
எவ்வளவு நேரமோ.

என் திரை பூட்டிக்கொண்டது.