குளிர்ந்த எதையும்

சிரம்பானில் மருந்து ஏற்றிய மறுநாள்
ஐஸ்பெட்டியில் கை விட்டேன்.
விரல் நுனியெல்லாம் கரண்ட் அடித்தது.
உதறியதில்
கூலா மலாக்கா சட்டி சாய்ந்து
பாதிப் பாகு தரையில்.

"குளிர்ந்த எதையும் தொடக்கூடாது ஆண்ட்டி,
குடிக்கவும் கூடாது" என்றிருந்தாள் நர்ஸ்.
என்ன தொழில் என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
பகாவ் பாமாயில் மில் வாசலில்
இருபத்திரண்டு வருஷமாக
செண்டோல் விற்கிறவள் நான்.

இப்போது தனராஜு ஐஸ் சுரண்டுகிறார்,
லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி
இரண்டு கையாலும்.
கட்டி கட்டியாக விழுகிறது.
ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்
என் தலைத்துணியைப் பார்த்துவிட்டு
"நல்லா இருக்கு" என்கிறார்கள்,
கிண்ணத்தில் வாய் வைப்பதற்கு முன்பே.

நான் கல்லாவில்.
இருபது காசும் ஐம்பது காசும்
விரலுக்கு ஒன்றாகிவிட்டன.
கண்ணால் பார்த்துத்தான் எண்ணுகிறேன்.
வாய்க்குள்ளும் ஒரு காசு கிடக்கிறது
நாள் முழுக்க,
துப்பினாலும் போகாமல்.
அந்த நாக்கை நம்பித்தான்
விடியற்காலை பாகு காய்ச்சினேன்.

ரொஹானி ஒரு கரண்டி சாப்பிட்டாள்.
முகம் சுளித்தாள்.
"குராங் மானிஸ் லா, ஆச்சி."

தனராஜு அவளை முறைத்தார்.
நான் எழுந்துவிட்டேன்.
எத்தனை நாளாயிற்று
என்னிடம் ஒருத்தி சண்டைக்கு வந்து!
சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்து
அடுப்பை ஏற்றினேன்.

பாகு சூடு.
அதைத் தொடலாம்.