ஷாத், சார்

கல்லூரி முடிந்த மறுநாளே
மைதானத்து கேட்டில் ஐடி கார்டு கேட்டார் வாட்ச்மேன்.
முட்டை இரண்டு, பால் அரை லிட்டர்,
ஸ்பைக்ஸ், பஸ் பாஸ், பிசியோ
எல்லாமே அந்த அட்டைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்,
எனக்கில்லை.

ஐயாயிரம் மீட்டர், பதினாறு நிமிடம் முப்பத்திரண்டு.
முகாமில் சேர்த்துக்கொள்ளப் பதினாறு பத்து வேண்டும்.
நடுவே இருபத்திரண்டு வினாடி.
எங்கள் தெருக்குழாயில் அதற்குள்
அரைக்குடம்கூட நிறையாது.
அதற்குத்தான் வருஷத்துக்கு நாலு லட்சம் என்று
கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கேட்டேன்.
மேனேஜர் முபீன் நல்ல மனிதர், டீ வரவழைத்தார்.
"ஆபீஸ் போறவங்களுக்குத்தாம்மா தைக்கிறோம்,
ஓடறவங்களுக்கு இல்ல."
எக்ஸ்போர்ட்டில் கழித்த ஒரு ஜோடி கொடுத்தனுப்பினார்,
கறுப்பு, லேஸ் வைத்தது.
வேலைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.

வேலை, ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து லாட்ஜில் ரிசப்ஷன்.
மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து.
பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால்
தூக்கத்துக்குக் கடன் சொல்லிவிட்டு ஓடலாம்.
தாமதிக்க முடியாது. வேலூரில் காலை ஏழு மணி என்பது
மற்ற ஊர்களில் பதினொன்று.

முப்பத்தாறாம் அறையில் நிகிலேஷ் மண்டல்,
மால்டாவிலிருந்து, மனைவியோடு.
மனைவிக்கு ரத்தத்தில் ஏதோ.
ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு
விடியற்காலையில் செய்ய ஒன்றுமில்லை.
கோட்டை மைதானத்தில் நான் ஓடுவதை ஒருநாள் பார்த்தார்.
மறுநாள் போனை வெளியே எடுத்து
கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார்,
நான் அழுத்துகிறேன், நீ ஓடு.

பத்து நானூறு. நடுநடுவே ஒரு நிமிடம் மூச்சு.
கயிறு பிடித்து நானே அளந்து
சுண்ணாம்பு தூவிய வட்டம்.
முடிந்ததும், ஏதோ தாளின் பின்பக்கம்
அவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன்.
98
98
98

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
தொண்ணூற்றெட்டு வினாடியா?
எட்டாம் வகுப்பிலேயே இதைவிட வேகமாக ஓடியவள் நான்.
சரி, இன்றே முதலாளியிடம்
நைட் டியூட்டியும் கேட்டுவிடலாம் என்று
லேஸை அவிழ்க்கிறேன்,
அவர் பதறிப்போய்
எண்மேல் விரல் வைத்துச் சொல்கிறார்:
"ஷாத், சார்! ஷாத், சார்!"

யார் அந்த ஷாத் சார் என்று கேட்டேன்.

ஏழு விரல் காட்டினார். பிறகு நாலு.
அவர்கள் எழுத்தில் ஏழு
நமக்கு ஒன்பது போலிருக்கும்.
நாலு, அச்சு அசல் எட்டு.
எழுபத்து நான்கு!
உட்கார்ந்த இடத்திலேயே இருபத்துநாலு வினாடி குறைத்தேன்,
தேவைக்கு மேல் இரண்டு.

அப்படி நாற்பத்தொரு காலை.
சில நாள் அழுத்த மறந்துவிடுவார்,
மேடைக் கோயில் பார்ப்பதுபோல் அகழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்,
நான் கத்துவேன்.

அறை காலியான அன்று எனக்கு வார விடுப்பு.
ரிஜிஸ்டரில் நேரம் மட்டும் இருந்தது, காலை 3.10.
சாவி மாட்டும் ஆணியில்
ரப்பர் பேண்டு போட்ட தாள் கட்டு.

சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸ் மாடியில்
உதவித்தொகை விண்ணப்பம்.
மூன்று மாதப் பயிற்சிப் பதிவு இணைக்க வேண்டும்.
இருந்ததை இணைத்தேன்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தெட்டு...
இந்த வேகத்துக்கா நாலு லட்சம்?"
"அது எட்டில்ல, சார்."
"பின்ன என்ன?"
"நாலு, சார்."
சார் என்பதே நாலுதான் என்பதை
அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

தாளைத் திருப்பினார்.
ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை.
பிறகு இன்னொன்றை, மெதுவாக.
"லேப் ரிப்போர்ட்டாச்சேம்மா இது.
யாரோடது?
ஒவ்வொரு தடவையும் எறங்கிக்கிட்டே வருதே."

அந்தப் பக்கத்தை
நான் அதுவரை பார்த்ததே இல்லை.