ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரத்தொம்பது

திங்கள்சந்தையில் திங்கட்கிழமை, மழை வேறு.
குளச்சல் பஸ்சுக்கு நிற்கிறவர்கள் எல்லாம்
என் கடைத் தகரத்துக்குள் ஒதுங்கி
ஜெராக்ஸ் மெஷினை நெருக்குகிறார்கள்.

பெனிற்றா வந்தாள், கவரில் மகனின் மார்க்‌ஷீட்டோடு.
பாலிடெக்னிக் விண்ணப்பம்.
இன்று கடைசி நாள், ஐந்து மணி வரை.
அண்டியாபீசில் அரைநாள் கூலி போச்சு என்று
இரண்டு தடவை சொன்னாள்.

குரோம் திறக்கவில்லை.
இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று
சிவப்புப் பூட்டைக் காட்டியது.

சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது.
இரண்டு ஜிபி ராம், விண்டோஸ் ஏழு;
குரோம் இந்த வீட்டுக்கு வரத்துபோக்கை நிறுத்தி
வருஷங்கள் ஆகின்றன.
பழைய கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவன்
ஒரு பிரவுசரை நம்பி இருக்க முடியாது.
பென்டிரைவில் ஒரு காட்டையே வைத்திருக்கிறேன்:
தீநரி, கடல்குரங்கு, வெளிறிய நிலா,
பிறகு அந்தப் பச்சோந்தி.
பெயர்களைத் தமிழாக்கியது நான்தான்,
ஆள் வராத மத்தியானங்களில்.

ஒவ்வொன்றாய் அவிழ்த்துவிட்டேன்.
எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்து
அதே பூட்டைக் காட்டின.
சவத்துக்கு என்ன கேடு என்று
மோடத்தைக் கழற்றி மாட்டினேன்,
மவுசைக்கூடத் தட்டிப் பார்த்தேன்.

"அங்க தேதி தப்பால்லா கெடக்கு" என்றாள் பெனிற்றா.
கீழே, வலது மூலையில்
ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரத்தொம்பது.
"அண்ணு எனக்க மோன் வயித்துல."

தளத்தின் சான்றிதழும் அப்போது பிறக்கவில்லை.
பிறக்காததை எப்படி நம்பும் இந்தப் பெட்டி?
அதன் கணக்கில் கடைசி நாளுக்கு
இன்னும் பதினாறு வருஷம் இருந்தது.

தேதியைத் திருத்தினேன். பூட்டு போனது.
அவன் பெயரை அடித்து முடிக்குமுன் கரண்டும் போனது,
வந்தது.
மறுபடியும் ரெண்டாயிரத்தொம்பது.

மதர்போர்டில் ஒரு ரூபாய்த் துட்டளவு பாட்டரி செத்திருக்கிறது.
பக்கத்து வாட்ச் கடையில் புதுசு நாற்பது ரூபாய்.
பழசு வெளியே வரவில்லை.
ஸ்க்ரூ டிரைவர் இரண்டு முறை வழுக்கி
கிளிப்பை உடைக்கப் பார்த்தது.
எனக்கு வெப்ராளம் பிடித்துவிட்டது.

"நீங்கும்" என்றாள்.
அண்டிப்பால் பொள்ளிக் கறுத்த விரல்,
நகத்தை ஓரத்தில் கொடுத்து லேசாய் ஒரு நெம்பு.
முழுப்பருப்பு மாதிரி வந்தது பாட்டரி.
"ஒடஞ்சா அங்க வெல கொறப்பாவ."

அதற்குப் பிறகுதான் உண்மையான தேர்வு.
குரோம் தன்னைப் புதுப்பித்துவிட்டு வரச் சொன்னது,
முடியாதென்று தெரிந்தே.
நிலா விசுக்கென்று திறந்தது; ஆனால்
மனிதன்தானா என்று கேட்கும் அந்தப் படம் மட்டும் வரவில்லை.
கடல்குரங்கு போட்டோவை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது.
மிஞ்சியது தீநரி,
பழைய ஆட்களுக்கென்று தனியாக விட்டிருந்த பதிப்பு.
மெல்லத்தான் வரும்.
மற்ற எல்லாவற்றையும் மூடி
ஒரே ஒரு ஜன்னலோடு விட்டேன்.

தாயின் தொழில் என்று ஒரு கட்டம்.
இழுத்தால் பட்டியல் விழுகிறது:
அரசுப் பணி, தனியார், விவசாயம், இல்லத்தரசி.
"அண்டியாபீஸ் இல்லியா?"
மேலே போய்க் கீழே வந்து தேடினேன்.
கடைசியாக, மற்றவை.
"அதுல போடும். மணி ஆவுது."

நாலு ஐம்பத்திரண்டு. சமர்ப்பித்தேன்.
உள்ளே விசிறி இரைந்தது,
வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றியது,
மழைக்கு ஒதுங்கியவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.
எண் வந்தது.

அவள் பிரிண்டை மடித்து மார்க்‌ஷீட்டோடு வைத்து
நின்றுகொண்டிருந்த பஸ்சுக்கு ஓடினாள்.
நான் பச்சோந்தியை அழித்தேன்.
நிலாவை வைத்துக்கொண்டேன்,
படமில்லாமல் செய்தி வாசிக்க அது போதும்.

பெட்டியை மூடியபின் பார்த்தால்
மேசையில் ஒரு திருகாணி மிச்சம்.