இங்கே முறிக்காதே

திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
திரைக்கு அடி கிடையாது,
உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும்.
கடலைப் போல என்று சொல்ல மாட்டேன்;
தோர்ஷாவ்னில் என் ஜன்னலுக்கு வெளியே நிஜக் கடலே இருக்கிறது,
உவமையாகிற மனநிலையில் அது இன்று இல்லை.

காகிதத்துக்கு அடி உண்டு.
இருநூற்றுத் தொண்ணூற்றேழு மில்லிமீட்டர்.
அதற்குக் கீழே மேசை.

குளிர்கால அட்டவணையில் படகுகள் பத்தொன்பது.
பதினெட்டு முதல் தாளில் அடங்கிவிட்டன.
பத்தொன்பதாவது,
மாலை ஐந்து நாற்பது, திரும்பும் கடைசிப் படகு,
இரண்டாம் தாளின் உச்சியில் ஒற்றை வரிசையாய்.
அதன் கீழே ஒரு முழுத்தாள் வெள்ளை.

அந்தச் சின்னத் தீவின் படகுத்துறைக் கடையில்
அச்செடுத்த மார்யுன்
முதல் தாளைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினாள்.
மற்றது தட்டிலேயே கிடந்தது.
வெற்றுத்தாள் என்றெண்ணி யாரோ
அதில் மீன் கணக்கு எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை எய்துன் வந்தான்,
இரவல் வாங்கிய ஆட்டுக்கடாவைக் கயிற்றில் பிடித்தபடி.
மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தான்.
இனிப் படகில்லை.
ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக்கு ஏறி நடந்தான்.
ஐந்து நாற்பதுக்குப் படகு வந்தது,
யாருமில்லாத துறையைப் பார்த்துவிட்டுப் போனது.
பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.
கடா குளியலறையில் தூங்கியது.
பள்ளி மேடையில் அவன் மகள் பாடியதை
அவன் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தொலைபேசி என்னிடம் வந்தது.

அச்சுக்கு மட்டும் என்று தனியே ஒரு பகுதி திறந்தேன்.
மெனுவை மறைத்தேன். தேடல் பெட்டியையும்.
குக்கீகளுக்குச் சம்மதமா எனக் கேட்கும் பட்டையையும்:
காகிதம் யாரை உளவு பார்க்கப் போகிறது?
நீலப் பின்னணியை விட்டேன்,
மார்யுனிடம் நீல மை தீர்ந்து இரண்டு வருடம்.
ஓரங்கள் பதினைந்து மில்லிமீட்டர்,
ஒட்டுகிற டேப்புக்கும் பிடிக்கிற கட்டைவிரலுக்கும்.
தலைப்பு வரிசை ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரட்டும்.
எந்த வரிசையும் இடுப்பில் ஒடியக் கூடாது.

பிறகு வந்த இரண்டு சொற்களில் கை நின்றது.
பத்தியின் முதல் வரி தாளின் அடியில் தனித்து நின்றால்
அதன் பெயர் அநாதை.
கடைசி வரி மட்டும் மறுதாளுக்குப் போய்விட்டால்
விதவை.
யார் வைத்த பெயர்களோ,
ஈய எழுத்து கோத்த ஆண்களாக இருக்கலாம்.
அநாதை: இரண்டு. விதவை: இரண்டு.
துணையில்லாமல் ஒரு வரியையும் அனுப்பாதே என்று பொருள்.

மார்யுனின் கணவர் போய் ஆறு வருடம்.
ஏன் சொன்னேனோ, தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டேன்.
சிரித்தாள்.
"ஒரு முழுத்தாள் எனக்கே கிடைத்தால்
வேண்டாம் என்பேனா?" என்றாள்.

விதி வேலை செய்யவுமில்லை.
அது பத்திகளைத்தான் பார்க்கும்,
அட்டவணை வரிசைகளைத் திரும்பியும் பார்க்காது.
கடைசி இரண்டு வரிசைகளிடமும் தனித்தனியே எழுதினேன்:
உனக்கு முன்னால் முறிவைத் தவிர்.
தவிர் என்பது கட்டளை இல்லை, வேண்டுகோள்.
இடமில்லாவிட்டால் உலாவி அதை மீறும்,
நியாயமாகவே மீறும்.

அன்று மீறவில்லை.
மூன்று படகுகள் சேர்ந்து இரண்டாம் தாளுக்குப் போயின.
மூலையில் பக்க எண்ணும் போட்டேன்,
இரண்டில் ஒன்று, இரண்டில் இரண்டு,
மீன் கணக்கு எழுத வருகிறவர் யோசிக்கட்டும் என்று.

அடுத்த வாரம் மார்யுன் படம் அனுப்பினாள்.
கதவில் இரண்டு தாள்கள், அக்கம்பக்கமாக.
நான் விட்டுவைத்த ஓரத்தில்
எய்துனின் கோணல் கையெழுத்து,
பேனாவை அழுத்திப் பதித்தது:
வடமேற்குக் காற்றென்றால்
இதில் எதுவும் வராது.