நாற்பது தட்டு

கோயம்புத்தூர்க் கிளையிலிருந்து மாற்றலாகி வந்த நவநீதன்
மூன்றாம் நாளே கேட்டுவிட்டான்:
"கொறஞ்ச காசுல இங்க எங்கங்க நல்லாச் சாப்புடலாம்?"

ஷிப்பிங் பில்லில் முத்திரை விழக் காத்து
கஸ்டம்ஸ் ஹவுஸ் படியில் நின்றிருந்தோம்.
பதினாறு வருஷமாக இந்தப் படியில் நிற்பவள் நான்.
எந்த அதிகாரிக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும்
என்பதுவரை தெரியும்.

பீச் ஸ்டேஷன் எதிர்ச்சந்துக்குப் போ, என்றேன்.
ஐந்தரைக்குச் சேதுமாணிக்கம் வண்டி வரும்.
அத்தோ கேள்.
நூடுல்ஸ் என்று மட்டும் சொல்லிவிடாதே,
ரங்கூனில் அவர் அப்பா கப்பலேறிய நாளிலிருந்து ஆரம்பிப்பார்,
உன் கடைசி ரயில் போய்விடும்.
கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணியும்
கையாலேயே பிசைவார்.
கையைப் பார்க்காதே, சாப்பிடு.
வாழைத்தண்டு சூப்புக்குக் காசில்லை.
இரண்டாம் தரம் கேட்டால் முறைப்பார்,
மூன்றாம் தரம் ஊற்றிவிடுவார்.

(அவனிடம் சொல்லாதது:
முதல்முறை அங்கே நான் தனியாக நின்று தின்றபோது
துறைமுகத்துக் காக்கிச் சட்டைகள்
நோயாளிக்கு விடுவதுபோல் விலகி வழிவிட்டன.
இப்போது "மேடம், சூப்பு" என்று
கைக்குக் கை மாற்றித் தருகின்றன.)

ஞாயிற்றுக்கிழமை என்றால் வியாசர்பாடி.
பாலம் இறங்கியதும் வாசனையே கூட்டிப்போகும்.
அரை பிளேட் பீஃப் பிரியாணி,
தாளிச்சா கேட்காமலே வரும்.
"நீ அதெல்லாம் சாப்பிடுவியா?"
ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"வீட்டுல மட்டும் தெரியக் கூடாதுங்க."

காசிமேட்டில் ஏலம் ஓய்ந்த பிறகு போ.
கானாங்கெளுத்தி வாங்கி லூர்துவிடம் கொடு.
மசாலா அவளுடையது, அடுப்பு அவளுடையது,
வறுப்புக்கூலி முப்பது ரூபாய்.
இறால் பக்கம் திரும்பாதே.
அது கண்டெய்னரில் ஏறிப் போகிறது,
அதன் தாள்கள்தாம் நமக்கு.

எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான்.
"அவ்வளவுதானுங்களா?"
அவ்வளவுதான், என்றேன்.

பொய்.

பழைய வண்ணாரப்பேட்டையில்
ஷட்டர் ரிப்பேர்க் கடைக்குப் பின்னால்
பெயர்ப்பலகை இல்லாத ஒன்று.
நாகபூஷணம் ஆக்குவது நாற்பது தட்டு.
நாற்பது தட்டுதான் அவளிடம் இருக்கிறது,
கழுவி இரண்டாவது பந்தி போடுகிற பழக்கம் இல்லை.
புதன்கிழமை குடல் குழம்பு.
ஊருக்கே வாய் திறந்த நான்
இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.
இன்னொருத்தன் வந்தால் என் தட்டு போச்சு.

கொரோனா வருஷம் நாலு மாதம் சம்பளமில்லை.
என் கணக்கைக் கரித்துண்டால் சுவரில் எழுதினாள்.
முழுசும் அடைத்த பிறகும் அழிக்கவில்லை.
"ஏன்கா, அத அழிச்சா இன்னா?"
"இருந்துட்டுப் போவட்டும்.
நீ வராம போய்ட்டேன்னா
இன்னாரு இங்க துன்னாங்கன்னு
எத்தக் காட்டிச் சொல்றது?"

இந்தப் புதன் சர்வர் படுத்துவிட்டது.
ஒன்றே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.
அண்டாவைச் சாய்த்து வழித்துக்கொண்டிருந்தாள்.
பெஞ்சில் ஒரே முதுகு, கட்டம்போட்ட சட்டை,
காலையில் என் எதிரே உட்கார்ந்து
கமிஷன் கணக்கு பார்த்த அதே கட்டம்.

அவனுக்குப் புரையேறியது.
"சொல்லலாம்னுதானுங்க இருந்தேன்..."
தண்ணி குடித்தான்.
"தட்டு நாப்பதுதானுங்களே."

சுவரைப் பார்த்தேன்.
என் கணக்குக்குப் பக்கத்தில் புதுக் கரி:
கோயமுத்தூரு, நூத்தம்பது.

"இன்னா மொறச்சினு நிக்கிற? குந்து,"
என்றாள் நாகபூஷணம்.
"சோறு கீது. தட்டுதான் இல்ல."

அவன் நகர்ந்து உட்கார்ந்தான்.
தட்டை நடுவில் தள்ளினான்.
அவள் மேலே ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

குடலில் பெரிய துண்டை மட்டும்
விரலால் மெல்ல
தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டான்.